பதினோராம் கேள்வியில் அந்தப் பெண்ணின் மனநிலை

நான் வேலை பார்த்த பதிப்பகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரியா போன மாதம் என்னைப் போனில் கூப்பிட்டாள். அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் பிறந்து வளர்ந்த பெண். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். என்னிடம் பேசும்போது மட்டும் மரியாதைக்காக நாலைந்து தமிழ்ச் சொற்களைத் தூவுவாள். சீன மாணவர்களுக்கான ஆங்கிலக் கேட்டல் பயிற்சிகளை இனி கம்ப்யூட்டர் குரல்களே பேசப்போகின்றனவாம். பழைய கேசட்டுகளை அப்புறப்படுத்தும்போது பெட்டிகளின் மேல் என் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள்.

“ரியல் பீப்பிளா ஆன்ட்டி, இதெல்லாம் பேசினது?” என்றாள்.

ஆமாம் என்றேன். அதில் ஏதாவது கதை இருந்தால் எழுதித் தாருங்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டலாம் என்றாள். கதை இருக்கிறது. ரியல் பீப்பிளை வைத்து வேலை பார்த்ததால் வந்த வினை அது.

நான் ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆறு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேல்படிப்புக்கு நியூ ஜெர்சி வந்தேன். படிப்பு முடிந்ததும், ஐசலினில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலை கிடைத்தது. கீழ்த்தளத்தில் பல் டாக்டர், மேல்தளத்தில் நாங்கள். சீனாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆங்கிலத்தைக் காதால் கேட்டும் கண்ணால் படித்தும் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று சோதிக்கும் புத்தகங்களும் கேசட்டுகளும்தான் எங்கள் சரக்கு. அங்கே ஒரு விநியோகஸ்தர் அவற்றை வாங்கி ஊர் ஊராகப் பள்ளிகளுக்குக் கொடுத்தார். எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர். ஒருவரும் சீனாவுக்குப் போனதில்லை. சீனப் பள்ளி மாணவர் ஒருவரையாவது நேரில் பார்த்தவரும் இல்லை. இது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை.

கேட்டல் பகுதிக்கு உரையாடல் எழுதுவது என் வேலை. ஓர் ஆண், ஒரு பெண். அவர்களுக்குப் பெயர் கிடையாது. ஆண் இரண்டு வரி பேசுவான், பெண் ஒரு வரி பேசுவாள், உடனே மூன்றாவது குரல் ஒன்று வந்து, அந்தப் பெண் என்ன சொல்ல வருகிறாள் என்று கேட்கும். விடைகள் நாலு. நாலும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நீண்டிருந்தால் அதுதான் சரி என்று மாணவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். தவறான மூன்றும் முட்டாள்தனமாக இருக்கக் கூடாது. அரைக்காதால் கேட்டவன் ஏமாறும்படி இருக்க வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

அனுமதிக்கப்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அனுமதிக்கப்படாத விஷயங்களுக்கு இன்னொன்று: அரசியல், மதம், மரணம், மது, விவாகரத்து, பாம்பு. விவாகரத்துக்குப் பக்கத்தில் பாம்பு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மனித வாழ்க்கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். நூலகம் மிஞ்சும். குடை மிஞ்சும். தவறவிட்ட பஸ், பல் டாக்டர், மழையால் நின்றுபோன பிக்னிக். எங்கள் கேசட்டுகளை மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு சீனப் பிள்ளை, அமெரிக்கர்கள் குடையை எங்காவது மறந்து வைத்துவிட்டு, அதைத் தேடி நூலகத்துக்குப் போகிற வழியில் பஸ்ஸைத் தவறவிடுகிற ஓர் இனம் என்று நினைத்திருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு. பிக்னிக் என்ற ஒன்றுக்கு நான் அதுவரை போனதே இல்லை. எழுதியவை மட்டும் பதினான்கு.

எழுதலாமே தவிர, பேச எனக்கு அனுமதி இல்லை. ஒருமுறை அந்த மூன்றாவது குரலுக்கு ஆள் வரவில்லை. “கேள்வி எண் ஏழு” என்று சொல்ல மட்டும் நான் வரட்டுமா என்று கேட்டேன். உங்கள் ஆங்கிலம் காகிதத்தில் மிக அருமையாக இருக்கிறது என்று பதில் வந்தது.

அப்படிச் சொன்னவர் ஹெரால்ட். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர். அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீன் கற்பித்தவர். லத்தீன் பேசுகிறவர் யாரும் உயிரோடு இல்லாததால், மொழி என்பது காகிதத்தில் இருப்பது என்று உறுதியாக நம்பினார். குரல் உயர்த்த மாட்டார். வெறும் வெந்நீர்தான் குடிப்பார். நாம் எழுதியதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால், ஒரு மர ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். வாசிப்பார். ஸ்கேல் இறங்கும். தவறு இருக்கும் வரியில் ஸ்கேல் நின்றுவிடும். தவறு என்ன என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார். சில நாள் ஐந்து நிமிடம்கூட ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் கீழே பல் டாக்டரின் இயந்திரம் யாரோ ஒருவரின் பல்லைக் குடைகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அது என்னுடைய பல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கேட்டல் பயிற்சி தயாரிக்கும் பிரிவுக்கும் ஹெரால்ட்தான் தலைவர், ஆனால் ஒரு கேசட்டைக்கூடக் கேட்டதில்லை. ஒலி என்பது அட்டைப்பெட்டி, எழுத்துதான் சரக்கு என்பது அவர் கட்சி. ஒவ்வொரு கேள்வியையும் நாலு பேர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று அவரே விதி செய்திருந்தார். நாலு பேரும் தாளைப் படித்துத்தான் கையெழுத்திட்டார்கள். நாலாவது கையெழுத்து அவருடையது.

குரல் கொடுக்க மர்லீன், கிளென் என்று இருவர் வருவார்கள். கணவன் மனைவி. உள்ளூர் நாடகங்களில் நடித்தவர்கள். கார் விற்பவர்களுக்கு ரேடியோ விளம்பரம் பேசியவர்கள். முதல் கேசட்டிலிருந்து அவர்கள்தான் எங்கள் ‘ஆண்’, எங்கள் ‘பெண்’. கனத்த கம்பளங்கள் தொங்கவிட்ட ஒரு சிறிய அறையில் இருவரையும் உட்காரவைத்துப் பதிவு செய்வோம். கீழே பல்லைக் குடையும் சத்தம் வந்தால் நிறுத்துவோம், நின்றதும் தொடருவோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஸ்டாப்வாட்சுடன் நிற்பேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு மாணவர்கள் விடை எழுதப் பன்னிரண்டு விநாடி மௌனம் விட வேண்டும். அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு நான் காவல். என் கண் முழுக்க முள்ளின் மேல் இருக்கும்.

தொடக்கத்தில் மர்லீனும் கிளென்னும் ஒரே ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். நாலாவது கேசட் சமயத்தில் ஃபிளாஸ்க் இரண்டாயிற்று. பிறகு காரும் இரண்டாயிற்று. நான் கவனித்தேன். ஆனால் அது என் வேலையில் சேர்ந்ததல்ல என்று விட்டுவிட்டேன்.

அந்த நாலாவது கேசட்டில் பதினோராம் கேள்வி நான் எழுதியது. ஆண் சொல்கிறான்: மன்னித்துக்கொள், மீட்டிங் நீண்டுவிட்டது, தாமதமாகிவிட்டது. பெண் சொல்கிறாள்: பரவாயில்லை, படிக்க என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. கேள்வி: பெண்ணின் மனநிலை என்ன? முதல் விடை, களைப்பாக இருக்கிறாள். இரண்டாவது, கோபமாக இருக்கிறாள். மூன்றாவது, அவனை மன்னித்துவிட்டாள். நாலாவது, ஆச்சரியப்படுகிறாள். மூன்றாவதுதான் சரியான விடை. நாலு கையெழுத்தும் விழுந்தன.

சில மாதம் கழித்து ஹூனான் மாகாணத்தின் ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் சென் யூலான் என்ற பள்ளி மாணவி. பதினோராம் கேள்விக்கு இரண்டாவது விடைதான் சரி என்று நினைப்பதாக எழுதியிருந்தாள். இந்த மாதிரிக் கடிதங்களுக்கு எங்களிடம் மூன்று பத்தியில் ஒரு பதில் தயாராக இருக்கும். முதல் பத்தியில் நன்றி. இரண்டாவதில் நாங்கள் எவ்வளவு கவனமாகத் தயாரிக்கிறோம் என்ற விளக்கம். மூன்றாவதில், விடைக்குறிப்பில் மாற்றமில்லை. அந்தப் பதிலைத் தயாரித்ததும் நான்தான். அவள் பெயரை மேலே நிரப்பி, கீழே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மறுபடி கடிதம் வந்தது. இந்த முறை அவளுடைய ஆசிரியரும் ஒரு துண்டுத்தாள் வைத்திருந்தார். மாணவி பிடிவாதக்காரி, மன்னிக்கவும் என்று தொடங்கி, விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர்கள் பள்ளியில் பருவத் தேர்வுக்கு எங்கள் கேசட்டைத்தான் பயன்படுத்தினார்களாம். அதில் முதல் நாற்பது பேருக்குச் சிறப்பு வகுப்பு. கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அந்த வகுப்பில் இருந்தால்தான் கரைசேர முடியும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம். யூலான் ஒரு மதிப்பெண்ணில் நாற்பத்தொன்றாவது ஆள்.

யூலானின் கடிதம் இப்படி இருந்தது. அவள் எளிய ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

“உங்கள் பதிலுக்கு நன்றி. நீங்கள் கேசட்டைக் கேட்டீர்களா என்று அதில் எழுதவில்லை. நான் நாற்பது தடவை கேட்டேன். ‘பரவாயில்லை’ என்று சொல்வதற்கு முன் அந்தப் பெண் மூக்கால் மூச்சு விடுகிறாள். ‘புத்தகம்’ என்ற சொல்லை, கண்ணாடித் தம்ளரை மேஜையில் வைப்பதுபோல வைக்கிறாள். என் அப்பா லாரி ஓட்டுகிறார். அவர் சொன்ன நாளில் வீட்டுக்கு வராதபோது என் அம்மா இப்படித்தான் சொல்வார். சீன மொழியில் சொல்வார். ஆனால் அதே மூச்சு.”

மதியம் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கேசட்டைப் போட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். முதல் தடவையே கேட்டுவிட்டது. தயிர்சாதம் அப்படியே இருந்தது.

எங்கள் ஈரோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி “பரவாயில்லைங்க” என்று சொன்னால் அதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று கல்யாணமான எவருக்கும் தெரியும். அதில் ஒரே ஓர் அர்த்தம்தான் ‘பரவாயில்லை’. நானே வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்கிற சொல். அதைக் காகிதத்தில் எழுதி, மன்னித்துவிட்டாள் என்று விடையும் எழுதி, எதிரே ஒருத்தி அதைப் பேசும்போது நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஹெரால்டிடம் போனேன். அவர் தாளை எடுத்து, ஸ்கேலை வைத்து, பதினோராம் கேள்வியைப் படித்தார். தாளில் கோபம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தாளில் இல்லை, குரலில் இருக்கிறது என்றேன்.

“நாம் பரிசோதிப்பது தாளில் இருப்பதை” என்றார்.

“இது கேட்டல் தேர்வு, ஹெரால்ட்.”

“கேட்டு, தாளில் இருப்பதைப் புரிந்துகொள்ளும் தேர்வு.”

ஹெட்ஃபோனை நீட்டினேன். அது வேண்டியதில்லை என்று கையைக் காட்டிவிட்டார். ஒரு கேள்விக்கு இறங்கிவந்தால் எல்லாக் கேள்விக்கும் இறங்கிவர வேண்டும் என்றார். பிறகு பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக, மேஜையின் இடது பக்கம் இருந்த ஒரு ஃபைலை எடுத்து வலது பக்கம் வைத்தார். எனக்கு கிரீன் கார்டுக்காகப் பதிப்பகம் அப்ளை செய்துகொண்டிருந்த ஃபைல் அது. அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள் இன்னும் இருந்தன. அவர் என்னை மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். அவர் ஒழுங்கான மனிதர், மேஜையை ஒழுங்குபடுத்தினார். ஆனால் நானும் கண் உள்ளவள்.

அடுத்த பதிவுநாளில் மர்லீன் அரைமணி முன்னதாக வந்தாள். கம்பள அறையில் அவள் தனியாக ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தபோது உள்ளே போய்க் கேட்டேன். பதினோராம் கேள்வி பதிவான அன்றைக்கு உனக்குக் கோபமா என்று.

“எது? குடையா, புத்தகமா?” என்றாள்.

“புத்தகம்.”

அவள் காபியை ஊற்றி முடித்து மூடியைத் திருகினாள். “அன்றைக்குக் காலையில் வக்கீல் ஆபீசில் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயிருந்து நேராக இங்கே வந்தோம். அங்கேயும் அவன் இருபது நிமிடம் லேட். யார் கண்டுபிடித்தது?”

“சீனாவில் ஒரு பள்ளிக்கூடப் பெண்.”

“என் அக்காவுக்கே இன்னும் தெரியாது” என்றாள் மர்லீன். பிறகு, இருவரும் சந்தோஷமாகத்தான் பிரிகிறோம், கிளென்னுக்கும் இதில் வருத்தம் ஒன்றுமில்லை, எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லப்போகிறோம் என்றாள். கிளென் வரும் காலடிச் சத்தம் கேட்டது. அவன் உள்ளே வந்ததும் இருவரும் மைக் முன்னால் உட்கார்ந்து, மழையில் நின்றுபோன பிக்னிக் ஒன்றைப் பதிவு செய்யத் தயாரானார்கள்.

அன்று மாலை என் கணவர் சுந்தரத்திடம் சொன்னேன். அவர் கான்ட்ராக்ட் புரோகிராமர். ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி. எந்தக் கம்பெனியும் அவருக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணவில்லை. எங்கள் இரண்டு பேர் கதியும் ஹெரால்ட் மேஜைமேல்தான் இருந்தது.

“ஆன்சர் கீ தப்புன்னா அது கம்பெனி ப்ராப்ளம். உனக்கென்ன வந்துச்சு?” என்றார் அவர், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கீ எழுதினது நான்.”

“ஃபைல் அந்தாளு டேபிள்ல இருக்குதுன்னு நீயேதான சொல்ற. இப்பப் போயி அவரோட ஆர்க்யூ பண்ணிட்டு நிக்காத.”

“பரவாயில்லைங்க. விட்டுடறேன்” என்றேன்.

சுந்தரம் திரும்பிப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். “சரி, எழுது. ஆனா கம்பெனி பேப்பர்ல எழுதாத” என்றார்.

கம்பெனித் தாளில்தான் எழுதினேன். என் வீட்டு முகவரி போட்ட தாளை எந்தத் தலைமையாசிரியர் மதிப்பார்? நாலே வரி. பதினோராம் கேள்விக்கு இரண்டாவது விடைதான் சரி. விடைக்குறிப்பு தவறு. நாங்கள் கேசட்டைக் கேட்காமலே பதில் எழுதிவிட்டோம். கேட்டவள் சென் யூலான் மட்டும்தான். ஐசலின் தபால் நிலையத்தில் நானே வரிசையில் நின்று அனுப்பினேன். எதிரே இருந்த கடையில் டீ குடித்துவிட்டு அலுவலகம் போய், ஒரு நூலகமும் இரண்டு குடைகளும் எழுதினேன்.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது வாரம் ஹெரால்ட் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் என் கடிதத்தின் ஃபேக்ஸ் நகல் இருந்தது. பள்ளி அதை விநியோகஸ்தருக்குக் காட்டியிருக்கிறது, விநியோகஸ்தர் இங்கே அனுப்பியிருக்கிறார். ஹெரால்ட் ஸ்கேலை எடுத்தார். முதல் வரியைத் தாண்டினார். “விடைக்குறிப்பு தவறு” என்ற வரியில் ஸ்கேல் நின்றது. அவர் காத்திருந்தார்.

நானும் காத்திருந்தேன். கீழே யாருடைய பல்லோ குடைபட்டுக்கொண்டிருந்தது. அந்த வரியை நானும் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை.

“இந்த வரி சரியாகத்தான் இருக்கிறது, ஹெரால்ட்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கியது. “இங்கே ‘நாங்கள்’ என்று இருக்கிறது. யாரைக் கேட்டு ‘நாங்கள்’ என்று எழுதினீர்கள்?”

“நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.”

அவர் ஸ்கேலை எடுத்துவிட்டார். வெந்நீரைக் குடித்தார். நீங்கள் போகலாம் என்றார்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்ப முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விநியோகஸ்தர் கோபத்தில் ஃபேக்ஸ் அனுப்பவில்லையாம். தவறை ஒப்புக்கொண்ட அமெரிக்கக் கம்பெனி என்று எங்கள் பெயர் அந்த மாகாணத்தில் பரவிவிட்டதாம். இதே மாதிரிக் கடிதம் இன்னும் சில பள்ளிகளுக்கும் கிடைக்குமா, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டிருந்தார். ஹெரால்ட் வாழ்க்கையில் இதைவிட அவமானமான பாராட்டு அவருக்கு வந்திருக்காது. என் ஃபைல் மட்டும் வலது பக்கத்திலிருந்து அலமாரிக்குப் போயிற்று. அங்கே அது ஒரு வசந்தமும் ஒரு கோடையும் ஓர் இலையுதிர்காலமும் இருந்தது. சுந்தரம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் முகத்தை மட்டும் பார்ப்பார்.

ஹெரால்ட் வேறொரு சீர்திருத்தம் செய்தார். இனிமேல் குரல் கொடுப்பவர்கள் உணர்ச்சியில்லாமல் பேச வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட்டார். மர்லீன் அதை இரண்டு தடவை படித்தாள். கிளென் சிரித்துவிட்டான், அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் உத்தரவுப்படியே பேசினார்கள். ஏழாவது, எட்டாவது கேசட்டுகளில் குடை தொலைந்தவனுக்கும் வருத்தமில்லை, குடை கிடைத்தவளுக்கும் மகிழ்ச்சியில்லை. தேர்வு நடக்கும்போதே மாணவர்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று விநியோகஸ்தர் எழுதினார். உத்தரவு சத்தமில்லாமல் காணாமல்போனது.

குளிர்காலத்தில் யூலானின் மூன்றாவது கடிதம் வந்தது. இந்த முறை ஹெரால்டே அதைப் பிரித்து, என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். என் கடிதத்தைப் பார்த்துப் பள்ளியில் அவளுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நாற்பது மேஜைகளும் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. தலைமையாசிரியர் யோசித்து, மேஜையில்லாமல் ஒரு நாற்காலியை மட்டும் கடைசி வரிசைக்குப் பின்னால் போடச் சொன்னார். மடியில் பலகை வைத்து எழுதுகிறேன், பழகிவிட்டது என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு பத்தி இருந்தது.

“ஆறாவது கேசட், நாலாம் கேள்வி. பெண் சொல்கிறாள், எனக்குச் சிகாகோவில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை போகிறேன். ஆண் சொல்கிறான், மிகவும் சந்தோஷம். விடைக்குறிப்பில் அவன் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று இருக்கிறது. நான் தேர்வில் அதையே எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன். அதனால் எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் அவன் மகிழ்ச்சியாக இல்லை. அவள் போகக் கூடாது என்று நினைக்கிறான். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.”

நான் படித்து முடிக்கும்வரை ஹெரால்ட் காத்திருந்தார். மேஜையில் ஸ்கேல் இல்லை. ஆறாவது கேசட்டும் டேப் ரிக்கார்டரும் இருந்தன. இதை எப்படிப் போடுவது என்று கேட்டார். நான் நாலாம் கேள்விக்குச் சுற்றிவைத்து, ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டிவிட்டேன். முதல் தடவை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி என்று விரலைச் சுழற்றினார். மூன்றாவது தடவை கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். கழற்றியபோது தலைமுடி இரண்டு பக்கமும் கலைந்திருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“இல்லை” என்றார். “அவன் மகிழ்ச்சியாக இல்லை.”

விடைக்குறிப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். மாற்றுங்கள் என்றார். மர்லீனும் கிளென்னும் பிரிந்த செய்தி அதற்குள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் கதவருகே போனதும், “மர்லீனுக்கு இது தெரியுமா?” என்றார். அவர் என்னிடம் கேட்ட எத்தனையோ கேள்விகளில், தாளில் இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியாது என்று நினைக்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். வந்த கடிதத்தின் நகலை அது சம்பந்தப்பட்டவருக்கு அனுப்ப வேண்டும் என்று நம் விதியில் இருக்கிறதல்லவா என்றார். அப்படி ஒரு விதி கிடையாது. இருக்கிறது என்றேன். அன்றே யூலான் கடிதத்தின் நகலை ஓர் உறையில் போட்டு மர்லீனுக்கு அனுப்பினேன். என் ஃபைலிலும் அந்த வாரம் கையெழுத்து விழுந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த பதிவு பனி பெய்து ஓய்ந்த ஒரு நாளில். மர்லீனும் கிளென்னும் வழக்கம்போல இரண்டு காரில் வந்தார்கள். மர்லீன் கடிதத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்துக் கேள்விகளைச் சுத்தமாகப் பேசி முடித்துவிட்டு, இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். நான் கேசட்டுக்குப் பெயர் எழுதி ஹெரால்டின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் ஜன்னலருகே நின்றிருந்தார்.

கீழே பார்க்கிங்கில் மர்லீன் தன் கார்க் கதவைத் திறந்துவைத்துவிட்டு, ஏறாமல் நின்றிருந்தாள். கையில் மடித்த தாள் ஒன்று. கிளென் அவன் காரிலிருந்து இறங்கி, பனியில் வழுக்காமல் மெதுவாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவள் தாளை நீட்டினாள். அவன் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் படித்தான். படித்து முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. அவள் ஏதோ கேட்டாள். கண்ணாடிக்கு வெளியே என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் அவள்தான் பேசினாள், பிறகு அவன் பேசினான். யாரோ பல் டாக்டரிடம் வந்தவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

“நாம் இதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது” என்றார் ஹெரால்ட்.

கூடாதுதான் என்றேன். அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை.